நடுக்கடல் என்ன கலரு?

மணி என்னன்னு சட்டுன்னு சொல்ல முடியல. சுவத்துல மாட்டியிருக்கிற புதுக் கடிகாரம் கப்பல் சுக்கான் சக்கர வடிவத்துல இருக்கு, லட்சணமாத்தான் இருக்கு, ஆனா நம்பர் இருக்க வேண்டிய எடத்துல பூரா குட்டிக் குட்டி நங்கூரம். பெரிய முள்ளு கீழ தொங்குது, சின்ன முள்ளு ரெண்டாவது நங்கூரத்துக்கும் மூணாவது நங்கூரத்துக்கும் நடுவுல, அப்ப ரெண்டரை. ரெண்டரைன்னு தெரிஞ்சுக்க இவ்வளவு பாடு. பிளேன் ரெண்டே காலுக்கே வாகைக்குளத்துல இறங்கியிருக்கணும். இறங்குனதும் போன் போடுலேன்னு தம்பி ரெமிஜியுஸ்கிட்ட படிச்சுப் படிச்சு சொல்லி அனுப்புனேன், கார எடுத்துட்டுப் போனவன் போனவன்தான். நான் ஏர்போர்ட்டுக்குப் போறதில்ல. அவியளுக்குப் பிடிக்காது. அவியன்னா எங்க வீட்டுக்காரவிய, மெல்கியோர், சரக்குக் கப்பல்ல போசன். டெக்குல வேலை பாக்குற ஆளுகளுக்கெல்லாம் தலைவர், கயிறு, நங்கூரம், பெயின்ட் எல்லாம் அவிய பொறுப்பு, இருபத்திரெண்டு வருசமா. பத்து மாசம் கழிச்சு இன்னைக்கு வாராவ. ஏர்போர்ட்டுல வச்சுப் பாத்தா நீ அழுவ, நீ அழுதா எனக்கு என்ன செய்யன்னு தெரியாது, நீ வீட்டுல இரு, வீடுன்னா வீட்டுல ஆளு இருக்கணும்லான்னு ஒரு தடவை சொன்னாவ. அதுலருந்து நான் வீட்டுலயே இருந்து அழுதுக்கிடுதேன், அவிய வந்து சேருறதுக்குள்ள மூஞ்சியக் கழுவிக்கிடுதேன். இன்னைக்கு அழுகை வரல. இந்த ஹாலப் பாத்ததும் அவிய என்ன சொல்லுவாவ? வாசல்ல செருப்பக் கழட்டும்போதே தெரிஞ்சிருமா, இல்ல உள்ள வந்து விளக்கப் பாத்த பெறகா? முதல்ல எதப் பாப்பாவ?

எட்டு நாளா இந்த வீட்ட நான் படுத்துன பாடு கொஞ்சமா நஞ்சமா. போன்லதான் பாத்தேன், கடலோர ஸ்டைலாம், ஒரு பொண்ணு வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு பேசுதா, வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் மனசு லேசாகுமாம், கரையில உக்காந்திருக்கிற அமைதி கிடைக்குமாம். அந்தப் பொண்ணு ஒரு நாளாச்சும் மீன் ஏலம் விடுற எடத்துல நின்னு பாத்திருப்பாளா, அமைதியாம்ல அமைதி. ஆனாலும் கண்ண எடுக்க முடியல. வெள்ளைச் சுவரு, ஒரே ஒரு சுவரு மட்டும் நீலம், மெல்லிசு காட்டன் திரை, பிரம்பு நாக்காலி, சணல் கார்பெட்டு, கயிறு சுத்துன வட்டக் கண்ணாடி, கயித்துல தொங்குற விளக்கு, கண்ணாடிச் சாடிக்குள்ள மண்ணும் சிப்பியும். எதையும் ஒழுங்கா அடுக்கக் கூடாதாம், போகிற போக்குல போட்ட மாதிரி இருக்கணுமாம். அப்படிப் போட்ட மாதிரி போடுறதுக்கு எனக்கு மூணு நாளாச்சு. அந்தச் சாடிய மட்டும் இருபது தடவை தள்ளி வச்சிருப்பேன். கார்பென்டர் இசக்கி வந்தான், ஏக்கா, மீன்பிடி வல்லத்துலருந்து பேத்து எறிஞ்ச பலகையப் போயி ஹால்ல ஷெல்ஃபா அடிக்கச் சொல்லுதியளே, ஓட்டை ஓட்டையால்லா இருக்குன்னான். ஓட்டைதான்டா அழகுன்னேன். என்ன ஒரு பார்வை பாத்தான். பாவம், இந்த அக்காவுக்கு என்னமோ ஆயிட்டுன்னு முடிவு பண்ணிட்டான் போல. வலை ரெமிஜியுஸ் குடுத்தது. நாங்க இத வீட்டுக்குள்ள கொண்டு வரக்கூடாதுன்னு பொண்டாட்டிககிட்ட ஏச்சு வாங்குதோம், நீ சுவத்துல மாட்டுத, சாளை மீனு பட்டா சொல்லியனுப்புக்கான்னு சிரிச்சான். சிரிக்கட்டும். மூணு தண்ணி அலசி, துணிக்கு ஊத்துற வாசனைத் தண்ணியில ராத்திரி பூரா ஊறப் போட்டு, மொட்டை மாடியில நாலு நாளு வெயில்ல காயப் போட்டேன். இப்ப ஸ்டூல் மேல ஏறி அது ஓரத்த இழுத்து விட்டுக்கிட்டு நிக்கேன். மத்தியானப் புழுக்கத்துக்கு லேசா அந்த வாடை வரத்தான் செய்யுது. ரோஜாப்பூ வாசனைக்கு அடியில கவிச்சி. இது எனக்கு மட்டும் தெரியுதா, எல்லாருக்கும் தெரியுமா? மூக்க வச்சுப் பாக்கேன். வருது. ஃபேனக் கூட்டி வச்சா போயிரும்.

எதுக்கு இவ்வளவும்னு இசக்கி கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பேன்? ஒரு ஈரத்துணிக்காகன்னு சொன்னா அவனுக்கு விளங்குமா? கப்பல்ல கடல் மோசமா இருக்கிற நாள்ல சாப்பாட்டு மேசையில விரிப்ப நனைச்சு விரிச்சிருவாங்களாம், இல்லன்னா கப்பல் சாயுறப்ப தட்டு வழுக்கி மடியில வந்து விழுந்துருமாம். அவிய முத லீவுல வந்தப்ப சாப்பிட உக்காந்ததும் அடுக்களைத் துணிய எடுத்து நனைச்சு, பிழிஞ்சு, நாலா மடிச்சு தட்டுக்கு அடியில வச்சாவ. நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். ஏங்க, நம்ம வீடு காங்கிரீட்டு, எங்கயும் போவாதுன்னேன். அவியளும் சிரிச்சாவ. மூணாம் நாளு துணிய மறந்துட்டாவ, அன்னைக்குத்தான் மனுசன் வீடு வந்து சேந்தாவன்னு எனக்குப் பட்டுச்சு. அடுத்த தடவை ஏழு நாளாச்சு. அப்புறம் பதினொண்ணு. அப்புறம் பத்தொம்பது. நான் பாத்துக்கிட்டே இருப்பேன், டீ டம்ளர் வைக்கையில, மாத்திரை போட தண்ணி வைக்கையில, அந்தக் கை துணியத் தேடுதா தேடலையா. போன லீவு அம்பத்துநாலு நாளு. கடைசி நாளு, பெட்டியெல்லாம் கட்டி வாசல்ல வச்சாச்சு, மக ஷெரின் ஹாஸ்டல்லருந்து வந்திருந்தா, மூணு பேரும் உக்காந்தோம், அவியளுக்குப் பிடிச்ச வஞ்சிரக் குழம்பு. அவிய எந்திரிச்சுப் போயி குழாயத் திறந்து துணிய நனைச்சுட்டு வந்தாவ. அம்பத்துநாலு நாளும் இந்த மனுசன் வீட்டுக்கே வரல. எனக்குச் சோறு இறங்கல. ஷெரின், ஏம்மா சாப்பிடலன்னு கேட்டா, முள்ளு குத்திட்டுன்னு சொன்னேன்.

இந்தத் தடவை கம்பெனிக்காரன் இன்னொரு காண்ட்ராக்ட்டுக்கு வாரியான்னு கேட்டிருக்கான். இன்னைக்கு ஆறு மணிக்குப் போன் போடுவானாம், பதில் சொல்லணுமாம். வயசு அம்பது ஆவுது, போதும், இறங்கிருங்கன்னு நான் சொன்னேன். பாப்போம்ட்டி, வீட்டுல எனக்கு உக்கார முடியுதான்னு வந்து பாத்துட்டுச் சொல்லுதேன்னாவ. உக்கார முடியுதான்னு. அந்த வார்த்தை என்னப் போட்டு அரிச்சுது. அப்பதான் தோணுச்சு, அவியளால கடல விட முடியல, அதான் விசயம். கடல விட முடியாத ஆளுக்கு வெறும் வீட்டக் காட்டி இருன்னா எப்படி இருப்பாவ, கடல வீட்டுக்குள்ள கொண்டு வந்துட்டா? என்ன மூளைடி ஜெசிந்தா உனக்குன்னு என்ன நானே மெச்சிக்கிட்டேன். ஷெரின்கிட்ட கூட சொல்லல. நீலத்துலதான் சிக்கிக்கிட்டேன். பெயின்ட் கடையில ஒரு அட்டை குடுத்தான், அதுல மட்டும் நாப்பது நீலம். இதுல எது கடல்? நானும் கரையிலயே பொறந்து வளந்தவ, அப்பாவுக்கு வல்லம், தம்பிக்கு வல்லம், ஆனா பொம்பளைக கடலுக்குப் போறதில்லையே, கரை கண்ணுக்கு மறையிற தூரம் நான் ஒரு நாளும் போனதில்ல. கரையோரக் கடல் எனக்குத் தெரியும், காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, மழை பேஞ்சா பழுப்பு. நடுவுல எப்படி இருக்கும்? சுத்தி எங்க பாத்தாலும் அதுவேன்னா, அது என்ன கலரு? போன்ல கேட்டேன். ஏங்க, நடுக்கடல் என்ன கலருங்க? எதுக்குட்டி கேக்க? சும்மாதான். தெரியலையே, பாத்துத்தான் சொல்லணும்னாவ. இருபத்திரெண்டு வருசம் அது மேலயே கெடந்துட்டு பாத்துச் சொல்லணுமாம். மறுநாள் அவியளே போன் போட்டாவ. பாத்தேன்ட்டி. என்ன கலருங்க? ஒரு கலரும் இல்ல. அப்படின்னா? அப்படித்தான், ஒரு கலரும் இல்லன்னு சொல்லிட்டு ஷெரின் பரீட்சையப் பத்திக் கேக்க ஆரம்பிச்சுட்டாவ. நான் கண்ண மூடிக்கிட்டு பதினேழாவது நீலத்த எடுத்தேன்.

ஒரு கலரும் இல்லன்னா என்ன அர்த்தம். இப்ப ஸ்டூல்லருந்து இறங்கி அந்தச் சுவத்துக்கு முன்னால நிக்கேன், இது நல்ல நீலந்தான், பள்ளிக்கூடத்துச் சட்டை துவைச்சுத் துவைச்சு வெளுத்த மாதிரி ஒரு நீலம். அத அவிய பாத்துட்டு இதுவா கடல்னு கேட்டா? இல்ல, பாத்துட்டு ஒண்ணுமே சொல்லாம இருந்தா? இரு இரு. வேற ஒண்ணு இடிக்குது. பத்து மாசமா அவியளுக்கு முன்னால தண்ணி. காலையில கதவத் திறந்தா தண்ணி, மூடுனா சத்தம். நான் பள்ளிக்கூடத்து ஆபீசுல பதினெட்டு வருசமா உக்காந்து டி.சி. எழுதுதேன். நான் வீட்டுக்கு வாரப்ப அவிய ஹால்ல ஒரு பச்சை பீரோவும் அட்டண்டன்ஸ் ரெஜிஸ்டரும் இரும்பு மேசையும் போட்டு வச்சு, வா ஜெசிந்தா, உனக்காகன்னு சொன்னா எனக்கு எப்படி இருக்கும்? மாதாவே. இது ஏன் எனக்கு எட்டு நாளா தோணல? ரெமிஜியுஸ் வீட்டுல எங்கயாச்சும் வலை தொங்குதா? அவன் சுவத்துல சுவிட்சர்லாந்து மலையும் பனியும்லா ஒட்டி வச்சிருக்கான். இசக்கி வீட்டுல மரச்சாமானே கெடையாது, பூரா பிளாஸ்டிக் நாக்காலி. எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு, எனக்குத்தான் தெரியல. கடலுக்குப் போவாதவளுக்குத்தான கடல் அழகா இருக்கும்.

வீட்டுல இருந்ததெல்லாம் பின்னறையில கெடக்கு. அந்த அறைக் கதவ எட்டு நாளா சரியா மூட முடியல, அவ்வளவு அடைசல். பழைய டிவி, அன்னப்பறவை போட்ட அது உறை, ஷெரின் பிளஸ் டூவுல வாங்குன ஷீல்டு, எங்க கல்யாண போட்டோ, அப்புறம் அவியளோட அந்தப் பழுப்பு ரெக்ஸின் சாய்வு நாக்காலி. எல்லாத்துக்கும் மேல, திரு இருதய ஆண்டவர் படம். அது ஒண்ணுக்குத்தான் எனக்குப் பகீர்னு இருக்கு. சிவப்பு பல்பு இந்த ஹாலுக்குச் சேரலன்னு ரெண்டு நாளைக்கு மட்டும்னு சொல்லி அங்க மாத்தி வச்சேன், ஆண்டவரே கோச்சுக்காதீங்கன்னு பல்பையும் அங்கயே போட்டு விட்டேன். இப்ப அவரு பழைய டிவியோடயும் ஒடைஞ்ச மிக்ஸியோடயும் உக்காந்திருக்காரு. அந்த நாக்காலி. வீடியோ கால்ல அவிய என்னமோ கேட்டாவளே அதப் பத்தி, என்ன கேட்டாவ? வீட்டு வேலை தெரிஞ்சிரக் கூடாதுன்னு நான் கேமராவ என் மூஞ்சிக்கே பிடிச்சுக்கிட்டு பேசுனேன், நெத்தி மட்டும் தெரியுதுட்டின்னாவ, அப்புறம் கொஞ்சம் திருப்புன்னாவ, எங்கங்கன்னு கேட்டேன், அந்த நாக்காலிப் பக்கம்னாவ. இல்ல, நாக்காலி இருக்கான்னு கேட்டாவளா? இருக்கான்னு கேட்டா வித்துட்டியான்னு சந்தேகம். அந்தப் பக்கம் திருப்புன்னா அது வேற. எது சொன்னாவ? எவ்வளவு யோசிச்சாலும் அந்த எடத்துல வந்து நின்னுருது. சிக்னல் இல்லங்கன்னு பொய் சொல்லி நான் போன வச்சேன், அது மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு.

போன் அடிக்குது. ரெமிஜியுஸ். யக்கா, அத்தான ஏத்தியாச்சு, பாலத்துக்கிட்ட வந்துட்டோம், இருவது நிமிசம். ஏம்ல முன்னமே போன் போடல? அத்தான் பேசிக்கிட்டே வந்தாவ, மறந்துட்டேன். அத்தானா, பேசிக்கிட்டா, என்ன பேசுனாவ? வந்து கேட்டுக்கோன்னு வச்சுட்டான். இருவது நிமிசம். பிரம்பு நாக்காலி ரெண்டையும் தள்ளிட்டு பழசக் கொண்டாந்து போட்டிரலாமா? ஓடுதேன். பின்னறைக் கதவத் தள்ளி, மிக்ஸியத் தாண்டி, சாய்வு நாக்காலியப் பிடிச்சு இழுக்கேன். வருது. வாசல் வரைக்கும் வந்து முட்டிக்கிட்டு நிக்கி. கதவுக்கு வெளிய வல்லத்துப் பலகை, இசக்கி அடிச்ச ஷெல்ஃபு, ஒரு சாண் நீட்டிக்கிட்டு நிக்குல்லா. நாக்காலி உள்ள போனப்ப அந்தப் பலகை அங்க இல்ல. சாச்சுப் பாக்கேன், திருப்பிப் பாக்கேன், ஒரு தடவை தலைகீழா கூட. ஆவல. மூச்சு வாங்குது, சேலை பூரா ஒட்டடை. ரெக்ஸின்ல அவிய முதுகு அழுத்தி அழுத்தி ஒரு பள்ளம் இருக்கு. அதுல கைய வச்சேன். கையும் பள்ளத்துல நிக்கி. பயமா இருக்கு. ஆறு மணிக்கு அவிய சரின்னு சொல்லிருவாவ, நான் இன்னொரு பத்து மாசம் இந்தச் சாடிக்குள்ள இருக்கிற சிப்பிய எண்ணிக்கிட்டு கெடப்பேன். நாக்காலிய இருந்த எடத்துலயே தள்ளி விட்டுட்டு மூஞ்சி கழுவப் போனேன்.

கார் சத்தம். கதவு சத்தம். வாசல்ல அவிய நிக்காவ. மெலிஞ்சிருக்காவ, கழுத்து எலும்பு தெரியுது, காதோரம் போன தடவைய விட நரை. ரெமிஜியுஸ் பெட்டிய வச்சுட்டு, நான் பெறகு வாரேன் அத்தான், நீங்க மூழ்கிராம பத்திரமா இருங்கன்னு என்னப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே இறங்கிட்டான், அவனுக்கு இருக்கு நாளைக்கு. அவிய பையத் தோள்லருந்து இறக்கல. ஹால சுத்திப் பாக்காவ. வலை. சுக்கான். சாடி. நீலம். நான் அவிய கண்ணையே பாக்கேன், எதுல நிக்கின்னு. எதுலயும் நிக்கல. பையோடயே கண்ணாடிக்கிட்ட போனாவ, அது ஓரத்துல சுத்தியிருக்கிற கயித்தத் தொட்டாவ. இத யாரு கட்டுனா? நாந்தாங்க. அவுந்துரும்ட்டி. விரல் தன்னால முடிச்ச அவுத்து மறுபடி கட்ட ஆரம்பிச்சுட்டு. கட்டி முடிச்சு இழுத்துப் பாத்தாவ. அடுத்து ஷெல்ஃபுக்கு வந்து, சாடிய சுவத்தோட ஒட்டித் தள்ளி, அது முன்னால ஒரு கட்டைய அணைச்சு வச்சாவ, உருளாம இருக்க. அடுத்து விளக்கு. அது ஆடுதான்னு பாத்தாவ. பத்து மாசம் கழிச்சு வந்த மனுசன வாசல்லயே டூட்டியில ஏத்தி விட்டுட்டேனே பாவி. நல்லாருக்காங்கன்னு கேட்டேன். நல்லாருக்குட்டி, நல்லாருக்குன்னாவ. உப்பு இல்லாத குழம்ப அப்படித்தான் சொல்லுவாவ. அப்புறம் மெதுவா, கேக்கலாமா வேண்டாமான்னு யோசிச்ச மாதிரி கேட்டாவ. ஏட்டி, நம்ம வீடு எங்க?

கைய மட்டும் நீட்டி பின்னறையக் காட்டுனேன். அவிய போனாவ. நான் அடுக்களையில நின்னு பாலக் காய்ச்சிக்கிட்டு காதத் தீட்டி வச்சுக்கிட்டிருக்கேன். மிக்ஸி நகருற சத்தம். பை தரையில விழுற சத்தம். அப்புறம் அந்த நாக்காலி, ஆளு உக்காந்தா அது ஒரு பெருமூச்சு விடும், அந்தச் சத்தம். அப்புறம் ஒண்ணுமே இல்ல. டீய ஆத்தி டம்ளர்ல ஊத்துனேன், அடுக்களைத் துணிய எடுத்து நனைச்சு, பிழிஞ்சு, நாலா மடிச்சு இன்னொரு கையில வச்சுக்கிட்டேன், அவிய எந்திரிச்சு வந்து தேடுற கோலத்த இன்னைக்குப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல, நானே குடுத்துருவோம். பின்னறையில லைட் போடல, ஆண்டவர் படத்துப் பல்பு மட்டும் சிவப்பா. அவிய சுருட்டி வச்ச பழைய பாய் மேல கால நீட்டி, அன்னப்பறவை உறைய மடியில வச்சு, கண்ண மூடி, அந்தப் பள்ளத்துக்குள்ள அளவா உக்காந்திருக்காவ. டீயக் குடுத்தேன். ஒரு வாய் குடிச்சாவ. கண்ணத் திறக்காமலேயே கைய நீட்டி, நாக்காலிக் கை மேல, வெறும் கட்டை மேல, டம்ளர வச்சுட்டு விட்டுட்டாவ. முழுசா விட்டுட்டாவ, ஒரு விரல் கூட அதுல இல்ல. நான் துணிய நீட்டிக்கிட்டு நிக்கேன். அவிய கண்ணத் திறந்து துணியப் பாத்தாவ, என்னப் பாத்தாவ.

"எதுக்குட்டி?"

நெசமாவே தெரியாமத்தான் கேட்டாவ. ஆறு மணிக்குப் போன் வந்தா வரட்டும். ஒண்ணுமில்லங்கன்னு சொல்லிட்டு அந்த ஈரத்துணியால என் மூஞ்சியத் தொடச்சிக்கிட்டேன்.